நான்தான் கூப்பிட்டேன்

ரிங்லெட்,
25 பிப்ரவரி 2024

மெல்வின் அண்ணனுக்கு,

நான் இதற்கு முன் எழுதிய ஒரே கடிதம், எனக்குக் காய்ச்சல் என்று அம்மா எழுதுவதுபோல் பள்ளிக்கு எழுதியது. கையெழுத்து அம்மாவுடையதைவிட அழகாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். இது இரண்டாவது. இதை எழுதுவது நான்தான், கர்த்தர் சாட்சி.

உன் வார்டில் கைப்பேசி கொடுக்க மாட்டார்களாம். கொடுத்தாலும் கொஞ்ச நாளைக்கு என் குரல் உன் காதில் விழ வேண்டாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். பதினேழு வருஷமாக வாயை வைத்துப் பிழைக்கிறவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி லா? கடிதம் எழுதலாமா என்று அம்மா கேட்டாராம். எழுத்துக்குச் சத்தம் இல்லையே, எழுதட்டும் என்றாராம் டாக்டர். ஆகவே இன்று முதல் உன் தங்கை ஓசையில்லாத வனஸ்ஸா. ரிங்லெட் தபால் நிலையத்தில் தபால்தலையை நீட்டிய அண்ணன், "யார் மேலம்மா கேஸ் போடுறே?" என்று கேட்டார். நம்ம ஊரில் காகிதத்தில் வருவது கேஸும் கரண்டு பில்லும் மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

இங்கே பனி விட்டால்தான் பணி. போன வாரம் மூன்று நாள் விடவே இல்லை. தேயிலை வெட்டும் மெஷினில் நீ பிடித்த முனையை இப்போது யுவனேஸ்வரன் பிடிக்கிறான். மறுமுனையில் வழக்கம்போல் கோகிலன் அண்ணன். ஒருத்தர் தென்னை மரம், ஒருத்தர் தேங்காய். நிரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தேயிலை ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் கிராப்பு. தங்கராஜு மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, மெல்வின் மாதிரி வெட்ட ஆள் இல்லை என்றார். கங்காணி என்று பெயர் வைத்துக்கொண்டு எதையும் கண் காணாத அந்த மனுஷருக்கே தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்.

அம்மா ஃபாக்டரிக்குப் போகிறார், வருகிறார். உன் சட்டைகளைத் துவைத்து, காய்ந்த பிறகு மறுபடியும் துவைக்கிறார். நான் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் இப்போது வலது பக்கம் உட்காருகிறேன். இடது பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும்.

நிறையச் சாப்பிடு. ஊசி போட்டால் அழாதே, ஓசி ஊசிதானே. ஒரு வரியாவது பதில் போடு.

வாலு

*

ரிங்லெட்,
10 மார்ச் 2024

அண்ணே,

பதில் இல்லை. இரண்டு வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

மலையில் பனி இறங்கிவிட்டால் கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் உடனே ஓய் சொல்ல வேண்டும். ரெண்டாம் தடவை கூப்பிட வைத்தால் பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம், எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார்கள். தோட்டத்திலேயே வேகமாக ஓய் சொல்கிறவன் நீ. உனக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டுமா?

இது என் ரெண்டாம் தடவை. ஓய் சொல்லு.

வாலு

*

ஆண்கள் வார்டு,
19 மார்ச் 2024

வனஸ்ஸாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. கை நடுங்குகிறது, மருந்தால். அதனால் எழுத்து இப்படி. தென்னை மரம், தேங்காய் என்று எழுதிய இடத்தில் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

ஓய் சொல்லச் சொல்லி எழுதாதே. அதை மறக்கத்தான் இங்கே பழகிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் ஒரு நோட்டு கொடுத்தார். யாரோ கூப்பிடுவதுபோல் எந்தெந்த நாள் கேட்டது, எங்கே நின்றேன் என்று ஞாபகம் உள்ளதை எழுதச் சொன்னார். போன ஆகஸ்ட்டில் ஆரம்பித்து, ஜனவரியில் ஏரியில் இறங்கின நாள்வரை எழுதிவிட்டேன். நாற்பத்தொன்று வந்தது.

குரல் கேட்ட நாளெல்லாம் வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நான்தான் கூப்பிட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாய். இந்த நாற்பத்தொன்றில் நீ கூப்பிட்டது எது எது? தேதி போட்டு எழுது. அது தெரிந்தால்தான் மீதி என்ன என்று தெரியும்.

மெல்வின்

*

ரிங்லெட்,
28 மார்ச் 2024

அண்ணே,

நாற்பத்தொன்றா? பரீட்சையில் நாற்பத்தொன்று வாங்கினால் நான் வீடு முழுக்க ஆடியிருப்பேன்.

தேதி போட்டு எழுத நான் என்ன தோட்டத்து ஆபீஸ் கிராணியா? எனக்கு ஞாபகம் இருப்பது போன ஜூன் மட்டும்தான். அதை எப்படி மறக்க முடியும்? பள்ளி விடுமுறை. பதினாலாம் நம்பர் மலையில் பனி, நீட்டின கை தெரியவில்லை. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு, தங்கராஜு மாமா மாதிரி மூக்கால் இழுத்து, தொண்டையை இரண்டு தடவை செருமி, "மெஷின இறக்கு, போதும்லா, போலாம்!" என்று கத்தினேன். பன்னிரண்டு பேர் மெஷினை இறக்கிவிட்டு மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். கீழே ரோட்டில் நிஜத் தங்கராஜு மாமா ரொட்டி தின்றுகொண்டு நின்றார். அவரே ஒரு நிமிஷம் யோசித்தாராம், நாம்தான் சொல்லிவிட்டோமோ என்று. கியா பார்மில் காய்கறிக் கடைக்காரர்கள் வரைக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு அக்கா என்னைப் பார்த்து, கங்காணி வந்துட்டாரு, ஸ்ட்ராபெரி எடுத்துக்கொடு என்றார்.

அதற்குப் பிறகுதான் என் பெயர் மலை பூராவும் பரவியது. எங்கே எது நடந்தாலும் நான்தான். கோழி கூவினால்கூட நேரம் பார்த்துவிட்டு, அது கோழிதானா என்று கேட்பார்கள்.

மற்றதெல்லாம் யோசித்துப் பிறகு எழுதுகிறேன். வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது.

வாலு

*

ஆண்கள் வார்டு,
9 ஏப்ரல் 2024

வனஸ்ஸாவுக்கு,

ஜூன் கதை எனக்குத் தெரியும். மெஷினை இறக்கிவிட்டு வந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தன். நான் கேட்டது அது இல்லை.

பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

மெல்வின்

*

ரிங்லெட்,
2 மே 2024

அண்ணே,

மூன்று.

9 செப்டம்பர், சனிக்கிழமை, பதினாலாம் நம்பர் மலை, காலை பத்து மணி இருக்கும். 14 அக்டோபர், சனிக்கிழமை, தொட்டிக்குப் பின்னால் இருந்து. 23 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன், ரோட்டு வளைவில். மூன்று தடவையும் உன் பெயரை மட்டும் கூப்பிட்டேன். நீ ஓய் சொன்னதும் ஓடிவிட்டேன். மீதி முப்பத்தெட்டும் நான் இல்லை.

இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன். சிரிப்பு வருகிற மாதிரி எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்.

ஆகஸ்ட்டில் அந்த முதல் நாள், சார்டின் குழம்பு வைத்திருந்த இரவுச் சாப்பாட்டில் நீ கேட்டாய். மேல் நிரையிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஓய் சொல்லிக்கொண்டே போய்ப் பார்த்தால் ஆளே இல்லை, கோகிலனுக்கும் கேட்கவில்லையாம் என்றாய். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவளைத் தவிர வேறு யாரு என்றார். நான் அன்றைக்குப் பள்ளியில் இருந்தேன். ஆனால் நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். முதல் காரணம் கேவலமானது. என் ஜூன் விளையாட்டைவிடப் பெரிய விளையாட்டு ஒன்றை வேறு யாரோ ஆடிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெயரை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். திருட்டுப் புகழ்.

இரண்டாவது உன் முகம். நான் சொன்னதும் நீ சிரித்தாய், என் மேல் சோற்றுப் பருக்கையை எறிந்தாய். அதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. நாள் பூராவும் ஈரப் பூட்ஸில் நடந்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அதைக் கழற்றும்போது உனக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம். அடுத்த வாரம் மறுபடி கேட்டாய், "இன்னைக்கும் நீதானே?" என்று. அந்த முகத்துக்காக ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் அதற்காகத்தான். இவ்வளவு பொய் சொல்கிறோமே, கொஞ்சமாவது நிஜமாக இருக்கட்டும் என்றுதான் அந்த மூன்று சனிக்கிழமையும் மலைக்கு வந்தேன். பாலில் தண்ணீர் கலப்பார்கள். நான் தண்ணீரில் பால் கலந்தேன்.

அக்டோபரில் கிளினிக்குக்குப் போனோமே. தூக்கமில்லை, தலைவலி என்று அம்மா சொன்னார். நர்ஸ் மிஸ்ஸி உன்னைப் பார்த்து, வேறு ஏதாவது இருக்கிறதா, சத்தம் கித்தம் கேட்கிறதா என்று கேட்டார். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். பாதி பிரித்தும்விட்டாய். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "அது நான்தான் மிஸ்ஸி, இவரை ஏய்க்கிறது" என்றேன். மிஸ்ஸி சிரித்தார், நீயும் சிரித்தாய், அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். காகிதத்தை நீ மடித்து உள்ளே வைத்துக்கொண்டாய். தலைவலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம்.

நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ அந்தக் காகிதத்தைக் கொடுத்திருப்பாய். கொடுத்திருந்தால் ஏரிவரை போயிருக்க மாட்டாய். இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அண்ணன் சிரிச்சாரும்மா. அதான்."

அம்மா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். அடிக்கவில்லை. இன்று காலையில் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார், சாப்பிட வா என்பதற்கு. என் பெயர் அவர் வாயில் வரவில்லை. நம் வீட்டில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை அண்ணே.

என்னை மன்னித்துவிடு.

வனஸ்ஸா

*

ஆண்கள் வார்டு,
21 மே 2024

வனஸ்ஸாவுக்கு,

மூன்று தேதியையும் நோட்டில் வட்டம் போட்டேன். மூன்றும் நோட்டில் இருக்கின்றன. செப்டம்பர் 9-க்குப் பக்கத்தில் மட்டும், மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது என்று எழுதியிருந்தேன். நீ ஓடினது. மற்ற எதிலும் மூச்சு இல்லை. இதை டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைத் தன் ஃபைலிலும் எழுதிக்கொண்டார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். நீ பொரித்த கெரோப்போக் அப்பளம் தின்றுகொண்டிருந்தாய். மேலே மலையிலிருந்து மெல்வின் என்று கேட்டது. உன் வாய் நிறைய கெரோப்போக். என் தோளில் உன் தோள் இடித்துக்கொண்டிருக்கிறது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்து, நீதானே என்று கேட்டேன். நீ மென்றுகொண்டே "ம்" என்றாய்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் இரண்டு மாதம் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தங்கச்சி விளையாடுகிறாள் என்றால் நான் மெல்வின், தேயிலை வெட்டுகிறவன், வீட்டுக்கு மூத்தவன். நீ இல்லை என்று சொல்லிவிட்டால் நான் யார் என்று தெரியவில்லை. அதனால் நீ பொய் சொல்லும்படி நானும்தான் கேட்டேன். அந்தப் பங்கு என்னுடையது.

ஆனால் கிளினிக்கில் நடந்தது உன்னுடையது. அந்தக் காகிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. அதில் ஒன்பது தேதி இருந்தது. வெளியே வந்ததும் சாக்கடையில் போட்டுவிட்டேன். மறுபடி எழுதத் தைரியம் வரவில்லை.

முதலில் அது யார் குரலாகவும் இல்லை. ஆண் குரலா பெண் குரலா என்றுகூடத் தெரியாது. நீ நான்தான் நான்தான் என்று சொல்லச் சொல்ல, அது உன் குரலை எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அண்ணே என்றே கூப்பிட ஆரம்பித்தது. ஏரியில் அது, அண்ணே, தண்ணி சூடா இருக்கு, இறங்கு என்றது. உன் குரல்தானே என்று இறங்கினேன். தண்ணீர் சூடாக இல்லை. மீன் பிடிக்க வந்த இரண்டு பேர் இழுத்துப் போட்டபோது, என் தங்கச்சி கூப்பிட்டா என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். இப்போது என்னிடம் இல்லை. வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. தேடிப் பார்த்தேன், இல்லை.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லி.

மெல்வின்

*

ரிங்லெட்,
30 ஜூன் 2024

அண்ணே,

நேற்று அம்மா உன்னைப் பார்க்க வந்தபோது நானும் வந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தாப்பாவில் பஸ் மாறும்போது அம்மா என்னை "ஏய்" என்றார். கரண்டியிலிருந்து ஏய்க்குப் பதவி உயர்வு. உன் கடிதம் வேலை செய்கிறது.

நான் உள்ளே வரவில்லை. காவலர் கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். காவலர் பெயர் என்ன, எந்த ஊர் என்று மலாயில் கேட்டார், தமிழில் கேட்டார். உன் ஜன்னல் எது என்று எனக்குத் தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றும் தெரியாது. அதனால் வாயே திறக்கவில்லை. பாவம் ஊமை என்று நினைத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம். தங்கராஜு மாமாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

நீ சதை போட்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னார். சந்தோஷமாக இருந்தது. பிஸ்கட்டை நானே தின்றுவிட்டேன்.

வனஸ்ஸா

*

ஆண்கள் வார்டு,
11 ஜூலை 2024

வாலுக்கு,

பார்த்தேன். என் ஜன்னல் அந்தப் பக்கம்தான். அம்மா டாக்டரைப் பார்க்கப் போனதும் எழுந்து நின்றேன், நீ பெஞ்சில் இருந்தாய். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். பிஸ்கட் கொடுத்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை.

கையை எடுத்திருக்கலாம். அது உன் வாயிலிருந்து வருவதில்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் ஐந்து மாதமாக இங்கே மருந்து சாப்பிடுகிறேன். உன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம் விடுகிறார்கள். போகுமுன் ஒரு படிவத்தில் ஒருத்தர் பெயர் எழுதச் சொன்னார்கள். எனக்கு ஏதாவது கேட்டால் அவரிடம் உனக்கும் கேட்டதா என்று நான் கேட்பேன். அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்டது என்றால் கேட்டது, இல்லை என்றால் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

நான் ஈப்போ சரோஜா பெரியம்மா பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவர் வீட்டில்தான் இருக்கப்போகிறேன். அவருக்கு ஒரு காது மந்தம். இருந்தாலும்.

மலைக்கு வர மாட்டேன். அங்கே பனி இறங்கினால் நிஜமாகவே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு அது ஆகாது.

மெல்வின்

*

ரிங்லெட்,
20 ஜூலை 2024

அண்ணே,

ஒரு காது மந்தமான ஆளிடம் தோற்றுப்போனேன். அதுவும் சாதாரண மந்தம் இல்லை. கல்யாண வீட்டில் பாயாசம் வேண்டுமா என்று கேட்டால், பஸ் ஆறு மணிக்கு என்று சொல்கிற மந்தம்.

சிரிக்க வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். என்னாலேயே சிரிக்க முடியவில்லை.

நீ செய்தது சரிதான். என்னை யார் கேட்டிருந்தாலும் என் பெயரைக் கொடுக்காதே என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டு பள்ளிக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தும் வரவில்லை. வனஸ்ஸா கதவைத் திறக்காமல் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று வெளியே சிரித்துக்கொண்டு நின்றார்கள். நானும் உள்ளேயிருந்து கோழி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேன். அப்போதுதான் விட்டுவிட்டுப் போனார்கள்.

உன் பூட்ஸை கோகிலன் அண்ணன் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். நீ வர மாட்டாய் என்று நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே எழுதிவிடு. நான் சொன்னால் பொய் என்று நினைக்கக்கூடும்.

வனஸ்ஸா

*

ஈப்போ,
15 செப்டம்பர் 2024

வாலுக்கு,

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். பூட்ஸை கோகிலனுக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மா வேலை செய்கிற சலவைக் கடையில் எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஹோட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வர வேண்டும். முதல் நாளே நன்றாக வந்தது. இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் என்று முதலாளி கேட்டார்.

மாதம் ஒரு ஊசி. ஆமாம், ஓசிதான். தூக்கம் வருகிறது. கை நடுக்கம் குறைந்திருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தக் குரல் முழுசாக நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருகிறது. வந்தால், மடித்துக்கொண்டிருக்கும் விரிப்பை மடித்து முடிக்கிறேன். பிறகு பெரியம்மாவைக் கேட்கிறேன். அவர் நல்ல காதைத் திருப்பி, நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒண்ணும் இல்லைய்யா என்கிறார். எனக்குப் பாவமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை என்பதுபோல் சொல்கிறார். அது நன்றாக இருக்கிறது.

போன கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. அந்தப் படிவத்தில் முதலில் உன் பெயரை எழுதத்தான் பேனாவை வைத்தேன். முதல் எழுத்தும் எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டுத்தான் பெரியம்மா பெயரை எழுதினேன். இதை உனக்குச் சொல்லலாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன்.

கழிப்பறையில் கோழி மாதிரி கத்தாதே. அழுகை வந்தால் அழு.

மெல்வின்

*

ஈப்போ,
8 நவம்பர் 2024

வாலுக்கு,

ஒன்று கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, 5-ஆம் தேதி, மாலை நாலு மணிக்கு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணே என்று கேட்டது. ஒரே தடவை. உன் குரல். எதையும் செய்யச் சொல்லவில்லை, எங்கேயும் வரச் சொல்லவில்லை. நீ பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்துவிட்டு நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்க்கக் கூப்பிடுவாயே, அந்த மாதிரி. இத்தனை மாதத்தில் அது அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நான் பதில் சொல்லவில்லை. விரிப்பை மடித்து முடித்தேன். பெரியம்மாவைக் கேட்டேன், இல்லை என்றார். டாக்டர் சொன்னபடி பார்த்தால் அதோடு முடிந்தது. இங்கேயிருந்து ரிங்லெட் எத்தனை மைல் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் இந்த ஒன்றைப் பெரியம்மாவால் சொல்ல முடியாது. அவருக்குக் கேட்டதா இல்லையா என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். கூப்பிட்டாயா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும்.

நீ கூப்பிட்டாயா?

தபால் வந்து சேர ஒரு வாரம் ஆகும். பரவாயில்லை. முன்னெல்லாம் நீ பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் மறுபடி கேட்டுவிடுவேன். இப்போது மூன்று நாள் ஆகிவிட்டது, வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இன்னும் ஒரு வாரமும் இருப்பேன்.

எந்தப் பதில் வந்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று உனக்குத் தெரியும். அதை எழுதாதே. உள்ளதை எழுது.

மெல்வின்

*

ரிங்லெட்,
14 நவம்பர் 2024

அண்ணே,

நான் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கி, பதினாலாம் நம்பர் மலைக்குக் கீழே நடந்துகொண்டிருந்தேன். பனி நன்றாக இறங்கிவிட்டது. மேலே தங்கராஜு மாமா பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோகிலன் அண்ணன் ஓய் சொன்னார். அதற்கடுத்தது உன் பெயர் வருகிற இடம். மாமா இன்னும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் யுவனேஸ்வரனைக் கூப்பிடுகிறார். அவர் நின்ற அந்த நேரத்தில் எனக்கு உன்னைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. ரோட்டில் யாரும் இல்லை, கத்தியிருந்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆமாம் என்று எழுதினால் உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உன் கடிதம் காலையில் வந்தது. அப்போதிலிருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அது நான் இல்லை அண்ணே. நான் கூப்பிடவில்லை.

வனஸ்ஸா